பிளாக் ஹோல் ஆராய்ச்சி பண்ணணுமா, முதல்ல ப்ளஸ் ஒன் புக்க திறங்க

போன ஜூன்ல ஸ்கூல் திறந்த முதல் வாரம், ப்ளஸ் ஒன் சேந்த ஒரு பொண்ணு லேப் வாசல்ல வந்து நின்னுச்சு. "சார், எனக்கு பிளாக் ஹோல் பத்தி ஆராய்ச்சி பண்ணணும், இப்பவே என்ன படிக்கணும்?" அப்பாக்கு ஷூ கம்பெனில வேலை, வீட்ல பேசறது தெலுங்கு. எங்க ஊரு நாட்றம்பள்ளி பக்கம், மலைய தாண்டுனா குப்பம், கிளாஸ்ல பாதி பசங்க வீட்ல தெலுங்கு தான். இந்த புள்ள யூடியூப்ல வார்ம் ஹோல், டைம் டிராவல், மல்டிவர்ஸ் எல்லாம் பாத்து வச்சிருக்கு, ஆனா கல்ல கயித்துல கட்டி சுத்துனா கயிறு ஏன் விறைப்பா நிக்குதுன்னு கேட்டா முழிக்குது. தப்பு அது மேல இல்ல. ஆஸ்ட்ரோபிசிக்ஸ்னா, அதாவது நட்சத்திரம், கிரகம் பத்தி படிக்கற பிசிக்ஸ்னா, ஏதோ நம்ம புக்குல இல்லாத தனி பிசிக்ஸ்னு எல்லாரும் சேந்து நம்ப வச்சிட்டோம், அதான் இத எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும்.

அன்னைக்கு அது நோட்டோட கடைசி பக்கத்துல ஒரே ஒரு கணக்கு போட்டோம். பூமி சூரியன செகண்டுக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல சுத்துது, தூரம் 15 கோடி கிலோமீட்டர். கயித்துக்கு பதிலா ஈர்ப்பு இழுக்குது, அவ்ளோ தான். வேகத்தையும் தூரத்தையும் மீட்டர்ல மாத்தி, வேகத்த வர்க்கம் பண்ணி, தூரத்தால பெருக்கி, ஈர்ப்பு மாறிலி ஜி-ஆல வகுத்தா 2 போட்டு பின்னாடி 30 சைபர் வருது. அத்தன கிலோ. சூரியனோட எடைய நீ இப்போ நிறுத்துட்டன்னு சொன்னேன், அந்த முகத்த பாக்கணுமே!

இப்போ பிளாக் ஹோலுக்கு வாங்க, வெளிச்சம் கூட தப்பிக்க முடியாத அளவுக்கு ஈர்ப்பு உள்ளது அது. நம்ம பால்வெளி நடுவுல எஸ்2-னு ஒரு நட்சத்திரம் கண்ணுக்கு தெரியாத ஒன்ன சுமார் 16 வருஷத்துக்கு ஒரு தடவ சுத்தி வருது. ரெய்ன்ஹார்ட் கென்சலும் ஆண்ட்ரியா கெஸ்ஸும் தனித்தனி குழுவா வருஷக்கணக்கா அந்த மாதிரி நட்சத்திரங்கள விடாம பாத்தாங்க, சுத்தற காலத்தையும் தூரத்தையும் வச்சு கணக்கு போட்டா நடுவுல இருக்கறது சுமாரா 40 லட்சம் சூரியன் எடை. 2020-ல நோபல் பரிசு. அவங்க டெலஸ்கோப்பும் கருவியும் பெருசு, உழைப்பும் பெருசு, ஆனா அந்த எடை வர்ற வழி கெப்ளர் மூணாவது விதி, அது ப்ளஸ் ஒன் ஈர்ப்பியல் பாடத்துல இருக்கு. ஐன்ஸ்டீனும் குவாண்டமும் வேணும் தான், ஆனா அதெல்லாம் காலேஜ்ல படிச்சுக்கலாம், ஸ்கூல்ல தெரியலன்னு யாரும் உங்கள வெளிய நிறுத்த மாட்டாங்க.

வெப்பப் பாடத்த நிறைய பசங்க மனப்பாடம் பண்ணி தாண்டிடறாங்க, எனக்கு அதான் ரொம்ப வருத்தம். தை மாசம் ராத்திரி மொட்டை மாடில நின்னு பாருங்க, திருவாதிரை செவப்பா இருக்கும், அதே கூட்டத்துல ரைஜெல் நீலம் கலந்த வெள்ளையா இருக்கும். கொல்லன் பட்டறைல இரும்பு முதல்ல செவப்பாகி சூடு ஏற ஏற மஞ்சளாகி வெளுக்குது பாருங்க, அதே விஷயம், திருவாதிரை சுமார் 3,500 கெல்வின், ரைஜெல் சுமார் 12,000. சூடு ஏற ஏற நிறம் நீலப் பக்கம் போகும்ங்கற இந்த வீன் விதிய ரெண்டு மார்க்குக்கு எழுதற புள்ளைக்கு அது வானத்துல தொங்கிட்டு இருக்குன்னு யாராச்சும் சொல்லணும்ல. டாப்ளர் விளைவும் அப்படி தான், கிட்ட வரும்போது ஒரு மாதிரியும் விலகி போகும்போது வேற மாதிரியும் கேக்கற ஆம்புலன்ஸ் சத்தத்தோட நிறுத்திடாதீங்க, வெளிச்சத்துக்கும் அது உண்டு, 1995-ல 51 பெகாசி நட்சத்திரத்த சுத்தற கிரகத்த கண்டுபிடிச்சது அத வச்சு தான்.

கணக்கு விஷயத்துல நான் கண்டிப்பா சொல்றேன், பத்தாவது முடிச்ச பசங்களோட அப்பா அம்மாங்க கேட்டுக்கோங்க, இந்த ஆசை இருக்கற புள்ளைய மேக்ஸ் இல்லாத குரூப்ல போடாதீங்க. மடக்கை, முக்கோணவியல், வகையீடு, தொகையீடு இல்லாம ஒரு அடி நகர முடியாது. கூட கொஞ்சம் பைத்தான்னு கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதற மொழி, அது பிறகு கூட வரும்.

ஆனா இது எல்லாத்தையும் விட பெரிய விஷயம் பிராக்டிகல். டிசம்பர்ல தனி ஊசல் பண்ணும்போது அந்த பொண்ணுக்கு சின்ன ஜி, அதாவது புவியீர்ப்பு முடுக்கம், 9.8 வர வேண்டியது 10.8 வந்துது. நான் பக்கத்துல போறதுக்குள்ள ரப்பர் கைல எடுத்தாச்சு, பக்கத்து பெஞ்சுல 9.8 வர்ற மாதிரி ரீடிங் ரெடியா இருக்கு, பாத்து எழுதிட்டா வேல முடிஞ்சுது. அழிக்காதன்னு சொல்லி இன்னொரு தடவ ஆட்ட சொன்னேன். குண்ட விட்ட உடனேயே "ஒன்னு"ன்னு எண்ண ஆரம்பிக்குது! அப்போ இருபதுன்னு சொல்லி ஸ்டாப் வாட்ச்ச நிறுத்தறப்போ 19 அலைவு தான் ஆகிருக்கும். காலம் கம்மியா வரும், ஜி கூடிடும். சைபர்ல இருந்து எண்ணுன்னேன், 9.7 வந்துது. ரப்பர் வச்சு அழிச்சிருந்தா இது தெரிஞ்சிருக்குமா சொல்லுங்க.

நம்ம ஊர்ல இருந்து ஆலங்காயம் வழியா போனா காவலூர் வான் ஆய்வகம். 1977 மார்ச் 10 ராத்திரி யுரேனஸ் வானத்துல பாக்கறதுக்கு ஒரு நட்சத்திரத்துக்கு கிட்ட வந்தப்போ, அங்க இருக்கற 1 மீட்டர் டெலஸ்கோப்புல பாத்துட்டு இருந்தவங்களுக்கு நட்சத்திர வெளிச்சம் சட்டுனு கொஞ்ச நேரம் குறைஞ்சு பதிவாச்சு. யுரேனஸுக்கு வளையம் இருக்குன்னு அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. பறக்கற ஆய்வகம் ஒன்னுல இருந்த அமெரிக்கக்காரங்களும் அதே ராத்திரி அத பாத்தாங்க, வெளிச்சத்த மறைச்சது வளையம்னு வெளிய வந்துது. வரக்கூடாத ரீடிங் வந்துருச்சேன்னு காவலூர்ல யாராச்சும் அழிச்சிருந்தா? பிராக்டிகல் மார்க்குக்காக ரீடிங்க சமைக்க நாமளே பசங்களுக்கு சொல்லிக் குடுக்கறோம், சில இடத்துல வருஷம் பூரா லேப் பூட்டியே கிடக்குது, இது ஒரு தலைமுறைக்கு பண்ற அநியாயம்னு தான் நான் நினைக்கறேன்.

வழி கேக்கறவங்களுக்கு, திருப்பதில ஐசர்னு மத்திய அரசோட அறிவியல் கல்வி நிறுவனம் இருக்கு, நமக்கு பக்கம் தான், அஞ்சு வருஷ பிஎஸ்-எம்எஸ் படிப்பு, ஐஏடிங்கற அவங்க நுழைவுத் தேர்வு எழுதணும். இதே மாதிரி நைசர்ங்கற நிறுவனத்துல சேர நெஸ்ட் நுழைவுத் தேர்வும் எழுதலாம். ஆஸ்ட்ரானமி ஒலிம்பியாட் பழைய கேள்வித்தாள் மும்பை ஹோமி பாபா சென்டர் சைட்ல இலவசமா கிடைக்குது, இங்கிலீஷ் கஷ்டமா இருந்தா படத்தையும் எண்ணையும் வச்சு முதல்ல போட்டு பாருங்க, வார்த்தை பின்னாடியே வந்துரும்.

லீவுல இந்த கணக்கு எல்லாம் போட்டு பாக்கணும்னு ஆசைப்படற பசங்க நம்ம சுத்துவட்டாரத்துல இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. நூலும் குண்டும் ஸ்டாப் வாட்ச்சும் நான் கொண்டு வரேன், நோட்டு மட்டும் எடுத்துட்டு வாங்க, ரப்பர் வேணாம்.