ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, வலி மட்டும் இருக்கு

காயமே இல்லாட்டியும் மூளையே வலிய உண்டாக்கும்னு ஒரு கட்டுரைல படிச்சதும் எங்க அம்மா ஞாபகம்தான் வந்துச்சு. தண்டையார்பேட்டைல மாடி வீடு, தண்ணி கொடத்த தூக்கினு ஏறும்போது ஒருநாள் இடுப்பு புடிச்சிக்கிச்சு, நாலு வருஷம் ஆச்சு, எம்ஆர்ஐ எடுத்தா ஒண்ணுமில்ல, ஒரு டாக்டரு மூஞ்சிக்கு நேரா "எல்லாம் உன் மனசுலதாம்மா"ன்னு சொல்லி அனுப்பிட்டாரு. நடிக்கிறேன்னு நெனச்சிட்டாருடான்னு ஷேர் ஆட்டோல ஒரே அழுகை.

ஆனா நானே ஒண்ணு கவனிச்சேன், தெருமுனைல தண்ணி லாரி ஹாரன் கேட்டாலே, கொடத்த இன்னும் தொடவே இல்ல, அம்மா கை தானா இடுப்புக்குப் போயிடும். மூளை அத ஆபத்துன்னே பாடம் பண்ணி வச்சிக்கினு சும்மா சும்மா அலாரம் அடிக்குது. வலி நெசம், நடிப்பு இல்லவே இல்ல.

நம்ம ஸ்டான்லி மெடிக்கல் காலேஜ்ல படிச்ச மூளை ஆராய்ச்சியாளர் வி.எஸ். ராமச்சந்திரன், வெட்டி எடுத்த கை வலிக்குதுன்னவங்களுக்கு இருக்கிற கைய கண்ணாடில போன கை மாதிரி காட்டியே சில பேருக்கு வலிய கொறச்சாரு. அமெரிக்கால 151 முதுகுவலிக்காரங்கள வச்சு பண்ண ஆராய்ச்சி 2021ல வந்துச்சு, வலிய பாத்து பயப்படாதன்னு மூளைக்கு கத்துக்குடுக்குற சிகிச்சை, நாலே வாரம், எடுத்தவங்கள்ல 66 சதவீதம் பேருக்கு வலி சுத்தமாவோ கிட்டத்தட்ட சுத்தமாவோ போயிடுச்சு, வழக்கமான வைத்தியத்துல வெறும் 10. (மொதல்ல டெஸ்ட் எடுத்து வேற கோளாறு இல்லன்னு பாத்துக்கோங்க, அத உட்றாதீங்க.)

அம்மா இப்ப அரை கொடமா தூக்குது. லாரி வந்தா இடுப்ப ஒரு தட்டு தட்டி "கம்முனு இரு"ன்னுட்டு எறங்குது.