தாயும் தந்தையும் நலம் என்றால் குட்டிகளும் நலமா?

“கார்ன் ஸ்னேக் (செல்லப்பிராணியாக வளர்க்கும் விஷமற்ற பாம்பு) ஜோடி பார்க்க ஆரோக்கியமாக இருந்தால் போதும், குட்டிகளுக்குப் பரம்பரைக் குறை வராது, டெஸ்ட் எல்லாம் வீண் செலவு” என்று ஒரு ஃபார்வேர்டு சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு.

‘ஸ்டார்கேஸிங்’ என்ற நரம்புக் குறையையே எடுத்துக்கொள்வோம். குட்டி தலையை மேல்நோக்கி முறுக்கிக்கொண்டு, நேராக ஊர முடியாமல் மல்லாந்து புரளும். பார்க்கவே மனது வலிக்கும். முதலில் ‘சன்கிஸ்ட்’ என்ற நிற வகைக் கார்ன் ஸ்னேக்குகளின் வழியில் கவனிக்கப்பட்ட இது, ஒடுங்கு மரபணுவால் வருகிறது; அதாவது தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் சேர்ந்தால்தான் குறை வெளிப்படும். அந்த மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ள பாம்பிடம் எந்த அறிகுறியும் இருக்காது. அப்படிப்பட்ட இரண்டு சேர்ந்தால் ஒவ்வொரு முட்டைக்கும் குறை வர 25 சதவீத வாய்ப்பு. இன்னொரு 50 சதவீதம், வெளியே தெரியாமல் குறையைச் சுமக்கும் குட்டியாக வர.

“போன ஈட்டில் எல்லாம் நன்றாகத்தானே பொரிந்தன?” என்பார்கள். சரி, இருக்கலாம். மரபணுவைச் சுமக்கும் ஜோடியின் 10 முட்டைகளும் குறையின்றிப் பொரிய சுமார் 5.6 சதவீத வாய்ப்பு உண்டு. அது நிரூபணம் ஆகாது.

உறுதியாகத் தெரிய, பாம்பு உரித்த சட்டையின் ஒரு துண்டே போதும். ஊசி, ரத்தம் எதுவும் வேண்டாம். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் சொல்லிவிடுவார்கள். ஊர்வன மரபணு ஆய்வகங்களின் பரிசோதனைப் பட்டியலிலேயே இதைச் சரிபார்க்கலாம். ஆனால் ஒரு டெஸ்ட் அந்த ஒரு குறைக்கு மட்டும்தான் பதில் சொல்லும்.

அந்தச் செய்தியைத் தயவுசெய்து இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்த விளக்கத்தையும் போட்டுவிடுங்கள்.