மேடையில் பேசியவருக்கும் கைதட்டியவர்களுக்கும்

சனிக்கிழமை சேலத்துக் கருத்தரங்கில் அந்தச் சிறப்பு விருந்தினர் பேசியதைப் பார்த்திருப்பீர்கள். ஆளாளுக்கு எனக்கே அனுப்பியும் விட்டீர்கள். இதழியல் மாணவர்களுக்குச் செய்தி எழுதக் கற்றுக்கொடுப்பது நேர விரயமாம், கையில் போன் இருந்தால் போதுமாம். அரங்கமே கைதட்டியது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளும் தட்டினார்கள். அதுதான் வலிக்கிறது.

நான் வீடியோவுக்கு எதிரி இல்லை. என் வகுப்பில் எடிட்டிங் உண்டு, வாய்ஸ் ஓவர் உண்டு. வேலை கேட்டுப் போனால் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். எழுத்தைப் பிடுங்கிவிட்டு கேமராவைக் கொடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்த அன்று, நாகலூரில் இருக்கும் என் அத்தையை மறுநாள் காலை டயாலிசிஸுக்குச் சேலம் கூட்டிவர வேண்டும். ஒரு மாணவர் எடுத்த வீடியோ எல்லா குரூப்பிலும் சுற்றியது. பாறை, மழை, பின்னணி இசை, அருமையான ஷாட். மலைப்பாதையில் இருப்பது 20 கொண்டை ஊசி வளைவுகள். சரிந்தது எந்த வளைவில்? எத்தனை மணிக்கு? பஸ் ஓடுகிறதா? குப்பனூர் சாலையில் போகலாமா? ஒன்றுமே இல்லை. உள்ளூர் நிருபர் ஒருவர் வாட்ஸ்அப்பில் போட்ட மூன்று வரியை நம்பித்தான் குப்பனூர் வழியாக அத்தையை இறக்கினோம்.

மேட்டூரிலிருந்து இன்னொரு பிள்ளை, அணையில் 20 ஆயிரம் கனஅடி தண்ணீர் இருப்பதாக மைக்கில் சொல்கிறது. அது வினாடிக்கு வந்துகொண்டிருக்கும் நீர்வரத்து. இருப்பு என்பது டிஎம்சி கணக்கு, ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கனஅடி. வினாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க வந்தால்தான் ஒரு டிஎம்சி சேரும். டெல்டாக்காரர்கள் நாற்று விடுவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஒரு தடவை உட்கார்ந்து எழுதிப் பார்த்திருந்தால் அந்த இடத்தில் பேனா நின்றிருக்கும். தெரியாதது எது என்று எழுதும்போதுதான் தெரிகிறது. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஏஐ எழுதித் தருமே என்பவர்களே, எந்த வளைவு என்று ஏற்காடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுக் கேட்பது யார்?

வயதானவரின் புலம்பல் என்பீர்கள். சொல்லுங்கள். ஆனால் அந்த மூன்று வரி எழுதிய நிருபருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான் காசு. மழையில் நனைந்து போய் விசாரித்து எழுதியவர். அவர் செய்த வேலையை மேடையேறி நேர விரயம் என்கிறீர்கள். கோபம் வராதா எனக்கு?

அடுத்த பருவத்தில் செய்தி எழுதும் பாடத்தையே நீக்கப் போவதாகக் கேள்வி. நீக்காதீர்கள். நீக்கினால் ஞாயிறு காலை அஸ்தம்பட்டியில் என் வீட்டிலேயே வகுப்பு நடத்துவேன். காசு வேண்டாம். போனும் நோட்டும் இரண்டையும் கொண்டு வரட்டும்.