பழைய டவுனைத் தண்ணிக்குள்ள தேடாதீங்க, ட்ரிப் போட்டோவில தேடுங்க

இலங்கை மலையகத்தின் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இறங்கியதும் முகநூலில் என்னென்ன வரும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிடலாம். ஒரு ட்ரோன் பறக்கும். வெடித்த சேற்றுக்கு நடுவே கோயில், விகாரை, பள்ளிவாசல். பின்னணியில் புல்லாங்குழல். "நீருக்குள் உறங்கும் நகரம்" என்று தலைப்பு. ஷேர் எகிறும். அதே பதிவின் கீழே போய், பழைய மஸ்கெலியா டவுனில் பஸ் எந்த இடத்தில் திரும்பியது, மண்ணெண்ணெய் எந்தக் கடையில் விற்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரண்டு அழுகை முகமும் ஒரு கும்பிடும் பதிலாகக் கிடைக்கும்.

குறை சொல்ல இதை எழுதவில்லை என்றால் அது பொய். குறைதான் சொல்கிறேன். கூடவே ஒரு வழியும் சொல்கிறேன்.

மஸ்கெலியா ஓயாவை மறித்து அணை கட்டி, 1969இல் மவுசாக்கலை நீர்த்தேக்கம் வந்தது. டவுன் மேட்டுக்கு ஏறியது. ஏறும்போது பெயரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. விக்டோரியா அணையால் தெல்தெனிய இடம் மாறியபோதும் இதேதான் நடந்தது. புதிய ஊருக்கும் அதே பெயர் என்றால், பழையது தனி ஊராக யார் மனதிலும் நிற்பதில்லை. வயதானவர்கள் "பழைய டவுன்" என்பார்கள். இளசுகளுக்கு அது "தண்ணிக்குள்ள உள்ள கோயில்".

அந்தக் கோயில்தான் நம்மை ஏமாற்றுகிறது. தண்ணீர் இறங்கும்போது எழுந்து நிற்பவை கல்லும் செங்கல்லும் சாந்தும் வைத்துக் கட்டியவை மட்டும். மலையகத்துப் பஜார்க் கடைகள் பெரும்பாலும் அப்படிக் கட்டியவை அல்ல. முன்பக்கம் பலகைக் கதவு. ஒவ்வொரு பலகைக்கும் இலக்கம் போட்டு, காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி, இரவில் அதே வரிசையில் காடிக்குள் தள்ளிப் பூட்டுவார்கள். மேலே தகரம். பக்கச் சுவர் பலகை, அல்லது வரிச்சுக் கட்டிப் பூசிய மண். ஊரைக் காலி பண்ணச் சொன்னால் மனிதன் முதலில் கழற்றுவது தகரத்தை, அடுத்தது மரத்தை. மிச்சமான மண் சுவர் ஒரு மழைக்குத் தாங்காது, நீர்த்தேக்கத்துக்கா தாங்கும்? ஆகவே சேற்றை மட்டும் பார்க்கிறவருக்குப் பழைய மஸ்கெலியா ஏதோ சாமி ஊர் மாதிரித் தெரியும். சுற்றியிருந்த தோட்டங்களுக்கு அது கடை ஊர், சம்பளம் எடுத்த கையோடு இறங்குகிற ஊர்.

அந்தக் கடைகள் இப்போது எங்கே இருக்கின்றன? கதிர்காம ட்ரிப் போட்டோக்களின் பின்னணியில் இருக்கின்றன.

கடைத்தெருவைப் படம் எடுக்கவென்று யாரும் பிலிம் செலவழித்ததில்லை. 120 பிலிம் ரோலில் சதுரப் படம் என்றால் பன்னிரண்டுதான். கல்யாணம், சடங்கு, சாவு, அதற்கடுத்து ட்ரிப். இன்றைக்கு பேக்கேஜ் டூர் என்கிறோமே, "தலைக்கு இவ்வளவு" என்று ஒரே தொகை கட்டிப் போவது, மலையகத்தில் அதன் முதல் வடிவம் இந்தக் கோயில் ட்ரிப்தான். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மில் பெரும்பாலானோர் கையில் கடல் தாண்டும் கடதாசி இல்லை. அதனால் கதிர்காமம், முன்னேஸ்வரம், திருக்கோணேஸ்வரம், வேதத்தில் உள்ளவர்களுக்கு, அதாவது கத்தோலிக்கருக்கு, மடு. வண்டி முதல் நாள் பின்னேரமே வந்து பஜாரில் நிற்கும். சாமான் ஏற்றி, வாழைக்கன்று கட்டி, ஸ்டூடியோக்காரரைக் கூப்பிட்டு ஒரு படம். இருட்டிய பிறகு புறப்பாடு.

அந்தப் படத்தின் அமைப்பைக் கவனியுங்கள். நாற்பது பேர் மூன்று வரிசை. அத்தனை பேரையும் பஸ்ஸோடு பிடிக்க வேண்டுமானால், எடுக்கிறவர் தெருவின் மறுகரைக்குப் போயாக வேண்டும். அப்போது பஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் கடை முகப்பு தானாக உள்ளே வந்துவிடும். பெட்டிக் கமராவின் துவாரம் சின்னது, போக்கஸ் திருப்புகிற வேலையும் இல்லை. அதனால் ஆட்களைப் போலவே பின்னால் உள்ள பெயர்ப்பலகையும் ஓரளவு தெளிவாக விழும். இப்போதைய போனில் எடுப்பது போல முகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மங்கடிக்கிற வேலை அதில் கிடையாது.

இதைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு. ட்ரிப் கணக்குக் கொப்பி. அதில் என்ன இருக்கும் என்று தெரிய வேண்டுமானால் ட்ரிப் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டும்.

காசு மூன்று சம்பளத்தில் சேரும். ஒரே தடவையில் கேட்டால் பாதிப் பேர் விலகிவிடுவார்கள். மடியில் உட்காருகிற பிள்ளைக்குக் காசில்லை, சீட் பிடிக்கிற பிள்ளைக்கு அரைவாசி. தொகைக்குள் பஸ், சாரதிக்கும் நடத்துனருக்கும் சாப்பாடு, எல்லோருக்கும் சோறு அடங்கும். வழியில் குடிக்கிற தேத்தண்ணி, அர்ச்சனைத் தட்டு, விளையாட்டுச் சாமான் அவரவர் பாடு. சண்டை வருவது எப்போதும் இந்த எல்லைக் கோட்டில்தான், ஆகவே விவரமான கமிட்டி அதை முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கும்.

அரிசிக் கணக்கு: தோட்ட வேலை செய்கிற ஆளுக்கு ஒரு நேரத்துக்கு ஒரு சுண்டு. நாலு சுண்டு ஒரு கொத்து. நாற்பது பேருக்குப் பத்துக் கொத்து, ஏறக்குறைய பத்துக் கிலோ. பருப்பு இரண்டரைக் கிலோ. மச்சம் (மீன், இறைச்சி) கிடையாது, விரதம். சட்டி பானையில் கிடாரம் இரண்டு, தாச்சி ஒன்று. விறகுக்குக் காய்ந்த மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைக் குச்சி, கட்டுக் கட்டாகப் போகும். கதிர்காமத்து மாணிக்க கங்கைக் கரையில் விறகு விலை கொடுத்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தவர்கள் அதைத் தவறவிடமாட்டார்கள். பாரமான கிடாரமும் அரிசி மூட்டையும் வண்டிக்குள் கடைசி சீட்டுக்குக் கீழே, பாயும் கம்பளியும் கூரையில். மாற்றி ஏற்றினால் தலைப்பாரம் கூடி ஒவ்வொரு முடக்கிலும் வண்டி சாயும். வாந்தி எடுக்கிற ஆட்களைப் பின் சீட்டில் போடக் கூடாது. பின் சில்லுக்கு அப்பால் உள்ள பகுதி முடக்கில் அதிகம் வீசும்.

கட்டுச்சோற்றில்தான் புதிய ஆட்கள் கோட்டை விடுவார்கள். மஸ்கெலியா ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரம், குளிர். நோர்வூட், அட்டன், தலவாக்கலை என்று ஏறி நுவரெலியாவில் 1,868 மீற்றர், இன்னும் குளிர். அதுவரை எதுவும் கெடாது. வெலிமடை, பண்டாரவளை, எல்ல தாண்டி வெல்லவாயவுக்கு இறங்கினால் அடுப்படி வெக்கை. தேங்காய் சேர்த்த சம்பலும் சோறும் அங்கே நூல் விடும். சுடச்சுட மூடிக் கட்டினாலும் அதே கதிதான், ஆவி உள்ளேயே வியர்த்துப் புளித்துவிடும். பாயில் வாழை இலை விரித்துச் சோற்றைப் பரப்பி, ஆவி முழுக்கப் போன பிறகுதான் புளிக்காய்ச்சல் கலக்க வேண்டும். பத்துக் கொத்துக்கு ஒரு கிலோ புளி, ஒரு போத்தலுக்கு மேலேயே நல்லெண்ணெய். எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணினால் மறுநாள் பகலைத் தாண்டாது.

எல்ல இறக்கம் இன்னொரு கண்டம். பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் டிரம் கொதித்து லைனிங் பிடிமானத்தை விட்டுவிடும். சிறிய கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். இருட்டில் புறப்படுவதும் இதற்காகத்தான், விடிந்த வெளிச்சத்தில் அந்த இறக்கத்தைத் தொடலாம். ராவணா எல்லயில் எல்லோரும் குளிக்கும்போது டிரம்மும் ஆறும். அவசரப்பட்டு வாளித் தண்ணீரை ஊற்றினால் வெடித்துவிடும் என்று தெரிந்த சாரதி, யாரையும் சில்லுப் பக்கம் வாளியோடு விடமாட்டார். ராவணா எல்லயில் எடுத்த படம் இல்லாத ஆல்பமே இருக்காது. நமக்கு அது உதவாது, அருவி இன்னும் அங்கேயேதான் விழுகிறது.

இப்போது கொப்பிக்கு வருவோம். இத்தனை சாமானும் பஜாரில் வாங்கியவை. அரிசி இன்னார் கடை, புளி இன்னார் கடை, வாடகைக் கிடாரம் இன்ன இடம், ரப்பர் விரிப்பு இன்ன தையற்கடைக்குப் பக்கம் என்று வரிக்கு வரி பெயர் இருக்கும். ஒரு ட்ரிப் கொப்பியை வைத்துக்கொண்டு பாதி பஜாரை எழுதிவிடலாம். ஆனால் பெட்டியைத் துப்புரவு பண்ணும்போது படத்தை வைத்துக்கொள்கிறோம், கொப்பியை அடுப்புக்குப் போடுகிறோம்.

படம் கையில் கிடைத்தால் எப்படிப் படிப்பது?

முதலில் தலைகளைப் பாருங்கள். மொட்டையும் சந்தனமும் இருந்தால் அது திரும்பி வந்த பிறகு எடுத்தது. முடியோடு, பூவோடு, கசங்காத சேலையோடு நின்றால் புறப்படும் முன். இது ஏன் முக்கியம்? நிழலுக்காக. பின்னேர வெயிலில் நிழல் கிழக்கே விழும், காலையில் மேற்கே. நேரம் தெரிந்தால் திசை தெரியும், திசை தெரிந்தால் அந்தக் கடை தெருவின் எந்தப் பக்கம் என்பது தெரியும்.

அடுத்தது வண்டி. பக்கத்தில் தனியார் கம்பனியின் பெயர் இருந்தால் 1958க்கு முந்தியது. அந்த வருடம் சனவரியில்தான் பஸ்ஸெல்லாம் அரசின் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) ஆனது. இலக்கத் தகட்டில் ஸ்ரீ இருந்தால் 1950களின் பிற்பகுதிக்கு முந்தியது அல்ல. ஆங்கில எழுத்துத் தகடு மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், பழைய தகட்டோடு வண்டிகள் பல வருடம் ஓடின. சுவரில் சினிமா போஸ்டர் தெரிந்தால், படம் வெளியான வருடத்துக்கு முன்னால் போக முடியாது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கு ரீல் ஏறி வர நாளாகும்.

ஸ்கேன் பண்ணுகிறவர்களுக்கு: கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலர் மோடில், குறைந்தது 600 டிபிஐ. நெகடிவ் அளவுக்கே போட்ட சின்னப் படம் என்றால் 1200. அந்தச் சின்னப் படத்தில்தான் நுணுக்கம் அதிகம், பெயர்ப்பலகை எழுத்து அதில்தான் அகப்படும். ஈரத்தில் பிரேமின் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காதீர்கள், மேல்தோல் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடேயே எடுங்கள். பூஞ்சணத்தை ஈரத்துணியால் துடைத்தால் முகமும் சேர்ந்து வரும். ஸ்கேனர் இல்லையென்றால் யன்னலோரம், பிளாஷ் இல்லாமல், போனைப் படத்துக்கு நேர் மட்டமாகப் பிடியுங்கள். பின்பக்கத்தையும் தவறாமல் எடுங்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். புதிதாகப் பெயர் எழுதுவதானால் மென்மையான பென்சில், போல்பொயின்ட் வேண்டாம், முன்பக்கம் புடைத்துக்கொண்டு வரும்.

தயவுசெய்து ஏஐ வைத்துக் கலர் பூசாதீர்கள். அழகுக்குப் பூசினாலும் மூலப் பிரதியை வையுங்கள். மங்கலான பெயர்ப்பலகையைக் கொடுத்தால் அது எழுத்தைப் படிப்பதில்லை, எழுத்து மாதிரி ஒன்றை வரைகிறது. நாளைக்கு ஒருவர் அதைப் பார்த்து, இல்லாத கடைக்குப் பெயர் வைப்பார்.

பெரியவர்களிடம் கேட்கும்போது "டவுன் எப்படி இருந்துச்சு தாத்தா" என்று கேட்டால் "நல்லா இருந்துச்சுப்பா" என்பார், அவ்வளவுதான். "கதிர்காமத்து பஸ் எந்தக் கடை வாசல்ல நிக்கும்? அதுக்கு வலது கைப்பக்கம் யாரு? அரிசிய யாரு தராசில நிறுத்தீங்க?" என்று கேளுங்கள். நினைவில் முகவரி நிற்பதில்லை, பக்கத்துக் கடை நிற்கும். இரண்டு பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்காதீர்கள், குரல் பெரியவர் சொல்வதற்கு மற்றவர் தலையாட்டிவிடுவார். தனித்தனியாகக் கேட்டு, ஒத்துப்போகாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

தென்மேற்குப் பருவமழை மே மாதம் பிடித்தால் தண்ணீர் ஏறும். அதற்குமுன் இறங்கிப் பார்க்கிறவர்கள் பழைய ரோட்டின் கல் தெரிகிற வழியில் மட்டும் நடங்கள். மேலே காய்ந்து வெடித்த சேறு அடியில் களியாக இருக்கும், முழங்கால் வரை இழுக்கும். செங்கல் ஒன்றைக்கூட ஞாபகத்துக்கென்று எடுத்து வராதீர்கள்.

கடைசியாக ஒன்று. 1964 ஒக்டோபர் 30 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 525,000 பேர் இந்தியக் கணக்கில் எழுதப்பட்டார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறிய குடும்பங்கள் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போன சாமான்களில் ஆல்பமும் ஒன்று. பழைய டவுனின் நல்ல படங்கள் இன்றைக்கு மஸ்கெலியாவில் இருப்பதைவிடக் கூடலூரிலும் கோத்தகிரியிலும் டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டம்) குடியிருப்புகளிலும் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம். அங்கே சித்தப்பாவோ அத்தையோ இருந்தால் இன்றைக்கே கோல் எடுங்கள். வட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் சுருங்கி எழுத்து அழிந்துவிடும், டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கத்தையும் சேர்த்து.