பி.ஜி.எம். கொஞ்சம் வழிவிடட்டும்

படம் பார்த்துவிட்டு வெளியே வருகிற யாரும் "அந்தக் காலடிச் சத்தம் பிரமாதம்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. "பி.ஜி.எம். தெறி" என்போம், இல்லாவிட்டால் "ஒரே இரைச்சல், காது போச்சு" என்போம். திரையிலிருந்து வருகிற சத்தங்களில் நமக்குப் பெயர் தெரிந்தது இசை ஒன்றுதான். அதனால் பாராட்டு, திட்டு எல்லாம் அதன் கணக்கிலேயே போய்ச் சேருகிறது. என் கட்சி வேறு. ஒரு காட்சியை நம்மை நம்ப வைப்பது பெரும்பாலும் இசைக்கு வெளியே இருக்கிற சத்தங்கள். அவற்றுக்கு மூச்சுவிட இடம் தராமல் இன்றைக்கு இசை எல்லாவற்றின் மேலும் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

'காட்ஃபாதர்' (1972) படத்தின் உணவகக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மாஃபியா தலைவரின் மகன் மைக்கேல் முதன்முறையாகக் கொலை செய்யப் போகிறான். எதிரே இருப்பவன் இத்தாலிய மொழியில் பேசிக்கொண்டே போகிறான், சப்டைட்டில் கிடையாது. வசனம் அர்த்தமில்லாத வெறும் குரலாகிவிடுவதால் நாம் வேறு வழியின்றி மைக்கேலின் கண்களைப் பார்க்கிறோம். அப்போது எங்கோ ஒரு ரயில் வருகிறது. சக்கரம் தண்டவாளத்தில் உரசிக் கிறீச்சிடுகிற சத்தம் ஏறிக்கொண்டே போய், ஒரு உணவகத்துக்குள் கேட்கவே முடியாத அளவுக்கு வளர்கிறது. அந்த ரயிலைக் காட்டவே மாட்டார்கள். அப்புறம் துப்பாக்கி வெடிக்கிறது. அவன் துப்பாக்கியைக் கீழே போட்ட பிறகுதான் நினோ ரோட்டாவின் இசை உள்ளே வருகிறது.

ஒலியைக் கவனித்த வால்டர் மர்ச் இங்கே செய்திருப்பது சின்ன தந்திரம். பின்னணி இசை நமக்கு மட்டும் கேட்கும், கதாபாத்திரங்களுக்குக் கேட்காது. ரயில் சத்தம் அந்த உணவகத்தில் இருக்கிற எல்லோருக்கும் கேட்கக்கூடியது. ஆனாலும் நாம் அதை மைக்கேலின் தலைக்குள் ஓடுகிற சத்தமாகத்தான் எடுத்துக்கொள்கிறோம். பயப்படு, பதறு என்று யாரும் நமக்கு உத்தரவு போடவில்லை. அதே இடத்தில் வயலின்களை இழுத்திருந்தால் இந்த இரட்டை விளையாட்டு நடந்திருக்காது.

இது புது வித்தையும் இல்லை. சினிமா பேச ஆரம்பித்த புதிதில், 1931இலேயே, ஃபிரிட்ஸ் லாங் தன் 'எம்' படத்தில் பின்னணி இசையே வைக்காமல், கொலைகாரன் அடிக்கிற சீட்டியை மட்டும் வைத்துக்கொண்டார். அவனை அடையாளம் கண்டுபிடிப்பது பலூன் விற்கும் பார்வையற்றவர், அந்தச் சீட்டியை வைத்து.

சரி, காலடிச் சத்தத்துக்கு வருவோம். படப்பிடிப்பில் மைக் வசனத்தைத்தான் குறிவைத்திருக்கும். செருப்பு தேய்கிறது, சட்டை உரசுகிறது, தம்ளரை மேசையில் வைக்கிறார்கள் என்பதெல்லாம் சரியாகப் பதிவாகாது. டப்பிங் செய்தால் அதுவும் போயிற்று. பிறகு ஸ்டுடியோவில் ஒருவர் திரையைப் பார்த்தபடி நடிகரின் நடைக்கு நடை வைத்து இதையெல்லாம் புதிதாகச் செய்கிறார். யுனிவர்சல் ஸ்டுடியோவில் இந்த வேலையைச் செய்த ஜாக் ஃபோலியின் பெயராலேயே இதை ஃபோலி என்கிறோம். எலும்பு முறிகிற சத்தத்துக்குச் செலரி என்கிற கீரையின் தண்டை முறுக்குவார்கள். தோல் பைக்குள் சோள மாவைப் போட்டு அமுக்கினால் பனியில் நடக்கிற சத்தம். தோல் கையுறைகளைப் படபடவென்று அடித்தால் பறவை பறக்கும். உண்மையான சத்தத்தைவிடப் பொய்ச் சத்தம் அதிகம் நம்ப வைக்கிறது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். ஃபோலிக் கலைஞர் நன்றாக வேலை செய்தால் அவர் இருந்ததே யாருக்கும் தெரியாது. பாராட்டு வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

அமைதிகூடப் பதிவு செய்ய வேண்டிய ஒன்றுதான். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அந்த இடத்தின் வெறும் ஓசையைப் பதிந்துகொள்வார்கள். ரூம் டோன் என்று பெயர். இரண்டு வசனங்களுக்கு நடுவே அதைப் போடாமல் அப்படியே வெற்றிடமாக விட்டால், ஸ்பீக்கர் போய்விட்டதோ என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். 'பேசும் படம்' (1987) பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். சொகுசு ஹோட்டலின் நிசப்தத்தில் தூக்கம் வராத நாயகன், தன் பழைய குடியிருப்பின் இரைச்சலை டேப்பில் பதிந்து வந்து ஓடவிட்டுத் தூங்குவான். வசனமே இல்லாத படத்தில் சத்தத்தைப் பற்றி இப்படி ஒரு காட்சி!

இதற்காக இசையே வேண்டாம் என்கிற ஆள் இல்லை நான். 'சைக்கோ' (1960) படத்தின் குளியலறைக் கொலைக் காட்சிக்கு இசை வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்திருந்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அந்த வயலின் கீறல்களை எழுதிக் காட்டிய பிறகு மனதை மாற்றிக்கொண்டார். மாற்றியது நல்லதுதான். ஆனால் அதே இருவர் 1963இல் 'தி பேர்ட்ஸ்' படத்தில் பின்னணி இசையையே எடுத்துவிட்டார்கள், மின்னணுக் கருவியில் உருவாக்கிய பறவைச் சத்தங்களை வைத்தே பயமுறுத்தினார்கள். எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று யோசித்திருக்கிறார்கள். நான் கேட்பது அந்த யோசனையை மட்டும்தான்.

தொலைக்காட்சிக்குக் கணக்கு வேறு. வீட்டில் பாதி நேரம் கண் எங்கோ இருக்கும், காது மட்டும்தான் பெட்டியில் இருக்கும். தொடர்களில் ஒருவர் திடுக்கிட்டால் அதே முகத்தை மூன்று தடவை காட்டி மூன்று தடவை 'டொய்ங்' அடிப்பதைக் கேலி செய்கிறோம். ஆனால் அடுத்த அறையில் இருப்பவரை எட்டிப் பார்க்க வைக்கிற வேலையை அது ஒழுங்காகச் செய்துவிடுகிறது.

எனக்கு ஆகாதது, நகைச்சுவைத் தொடர்களில் ஜோக்குக்கு ஜோக் ஓடவிடுகிற பதிவு செய்த சிரிப்பொலி. 1950களில் அமெரிக்காவில் சார்லி டக்ளஸ் என்ற ஒலிப்பொறியாளர் விதவிதமான சிரிப்புகளை ஒரு பெட்டிக்குள் அடைத்து, விசையைத் தட்டினால் சிரிக்கிற மாதிரி செய்துவிட்டார். போர்முனை மருத்துவமனையில் நடக்கிற 'மேஷ்' தொடரை எடுத்தவர்கள் அது வேண்டாம் என்றார்கள், சேனல் விடவில்லை. கடைசியில் அறுவை சிகிச்சைக் காட்சிகளில் மட்டும் சிரிப்பு வராது என்று முடிவானது. அந்தக் காட்சிகளிலும் கதாபாத்திரங்கள் ஜோக் அடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். சிரிக்கலாமா கூடாதா என்பதை நாமே முடிவு செய்ய வேண்டியிருக்கும். அதனால்தான் அவை வலிக்கின்றன.

இப்போது எல்லோரும் சொல்கிற புகார், வசனம் காதில் விழுவதில்லை என்பது. தியேட்டருக்கு மிக்ஸிங் செய்யும்போது, அதாவது எல்லாச் சத்தங்களையும் அளவு பார்த்துக் கலக்கும்போது, வசனத்துக்கென்று நடுவில் தனி ஸ்பீக்கர் இருக்கிறது. வீட்டில் அந்த மொத்தமும் இரண்டு குட்டி ஸ்பீக்கருக்குள் திணிக்கப்படுகிறது, இசையும் எஃபெக்டும் வசனத்தின் மேலேயே விழுகின்றன. மெலிந்த டிவிகளில் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்பக்கம் பார்த்தோ இருக்கிறது. நடிகர் முணுமுணுக்கிறார் என்று திட்டுவதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

ஆஸ்காரில் ஒலிக்கு இரண்டு விருதுகள் இருந்தன. சத்தங்களைத் தேடி, உருவாக்கி, அடுக்குகிறவர்களுக்கு ஒன்று. எது எந்த அளவில் கேட்க வேண்டும் என்று முடிவு செய்து கலக்கிறவர்களுக்கு இன்னொன்று. 2021 விழாவிலிருந்து இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். பின்னணி இசைக்கு ஒன்று, பாட்டுக்கு ஒன்று என்று இசைக்கான இரண்டும் அப்படியே இருக்கின்றன.