சோறு கொடுப்பவர் எதற்காகப் பயப்பட வேண்டும்?

சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தால், நம் நாட்டில் சட்டம் உங்கள் பக்கம் நிற்கிறது. இதற்கான வழிகாட்டுதல்களுக்கு உச்ச நீதிமன்றம் 2016-இல் சட்டத்துக்கு நிகரான வலு கொடுத்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே 134ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உதவப் போன இடத்தில் கவனக்குறைவால் ஏதாவது நடந்து அடிபட்டவர் இறந்தே போனாலும், உதவியவர் மீது சிவில் பொறுப்போ கிரிமினல் பொறுப்போ வராது. நல்ல சட்டம். ஆனால் கல்யாண மண்டபத்தில் மிஞ்சிய சாப்பாட்டை முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு இப்படி ஒரு வரிகூட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் கிடையாது. அது உடனடியாக வர வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை.

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம் 'உணவுத் தொழில்' என்பதற்குத் தரும் விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். லாப நோக்கம் இருக்கிறதா இல்லையா என்பது அதற்கு முக்கியமே இல்லை. சமைப்பது, இருப்பு வைப்பது, ஏற்றிச் செல்வது, பகிர்ந்து கொடுப்பது எல்லாம் அதில் வந்துவிடும். அந்த உணவால் ஒருவர் இறந்தால் 65-ஆவது பிரிவின்படி இழப்பீடு 5 லட்சத்துக்குக் குறையக் கூடாது. விற்றவர், விநியோகித்தவர் இரண்டு பேரையும் அந்தப் பிரிவு ஒரே தட்டில்தான் வைக்கிறது. கவனக்குறைவால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 106-ஆவது பிரிவில் வழக்குப் போட்டால் 5 ஆண்டு வரை சிறை. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வரும் வழக்கில் 'உரிய கவனத்தோடுதான் செய்தேன்' என்று வாதாட அதன் 80-ஆவது பிரிவில் வழி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வழக்கு வந்த பிறகு, வக்கீல் வைத்து, நாம் நிரூபிக்க வேண்டிய விஷயம். டெலிவரி வேலை முடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு ஹாட்பாக்ஸ் தூக்க வருகிற பையனுக்கு அதனால் என்ன ஆறுதல்?

மண்டபத்துப் பின்வாசலில் நின்று பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். கடைசிப் பந்தி முடிந்திருக்கும். அரை அண்டா சாம்பார் சாதம், தொடாத பொரியல், ஒரு வாளி ரசம். சமையல் காண்ட்ராக்டர் மனசாரச் சொல்வார்: "எடுத்துட்டுப் போங்க தம்பி, புண்ணியமாப் போகும்." அப்போதுதான் மேனேஜர் வருவார். "யாருக்காவது வாந்தி பேதின்னா யாரு பதில் சொல்றது? எங்க மண்டபத்துப் பேருதானே பேப்பர்ல வரும்?" அவர் கெட்டவர் இல்லை. முதலாளிக்குப் போன் போடுவார், முதலாளி எடுக்க மாட்டார். அப்புறம் 'எது நடந்தாலும் மண்டபம் பொறுப்பல்ல' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துக் கேட்பார். கையெழுத்துப் போடுவது கல்லூரி இரண்டாமாண்டு படிக்கிற ஒரு தன்னார்வலர். சாப்பிட்டுப் பாதிக்கப்படுகிறவரின் உரிமையை அந்தத் தாள் பறிக்காது, போலீஸ் வழக்கையும் நிறுத்தாது. மண்டபத்தைக் காப்பாற்றவும் உதவாது. பையன் பெயர் மட்டும் எழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

இத்தனை பேச்சும் நடக்கும்போது சாதம் ஆறிக்கொண்டிருக்கிறது. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சமைத்தாலும் சாவதில்லை. வாந்தியை உண்டாக்கும் அதன் நச்சு, மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. ஆக, வழக்குக்குப் பயந்து பின்வாசலில் கரைகிற ஒவ்வொரு நிமிடமும் அந்த உணவை இன்னும் ஆபத்தானதாக்குகிறது. இன்னொரு பக்கம், கொடுக்க நினைக்கிறவர்கள் பெயர் வெளியே வராமல் கொடுக்கப் பார்க்கிறார்கள். எங்கே, எப்போது சமைத்தது என்று ஒரு சீட்டுகூட இல்லாமல் வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஏதாவது ஆனால் காரணம் கண்டுபிடிக்கக்கூட வழி இருக்காது. அத்தனை சாதத்தையும் குப்பை வண்டியில் கொட்டினால் இப்படி ஒரு கேள்வியும் வராது. எனக்கு வயிறு எரிவது அங்கேதான்.

உபரி உணவுக்கென்றே விதிமுறைகள் இருக்கின்றனவே என்பீர்கள். 2019-இல் கொண்டுவந்து, 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தவை. பதிவு, லேபிள், ஆவணம் எல்லாம் சொல்கின்றன. தேவையானவைதான். ஆனால் தாய்ச் சட்டம் விதிக்கும் பொறுப்பிலிருந்து ஒரு விதிமுறை யாரையும் விடுவிக்க முடியாது. சட்டத்தையே நாடாளுமன்றம்தான் திருத்த வேண்டும்.

அமெரிக்காவில் இதை 1996-இலேயே செய்துவிட்டார்கள். பில் எமர்சன் என்ற மறைந்த மக்களவை உறுப்பினரின் பெயரில் வந்த அந்தச் சட்டம், நல்லெண்ணத்தோடு உணவு கொடுக்கிறவரையும், அதை வாங்கி விநியோகிக்கிற லாப நோக்கற்ற அமைப்பையும் காக்கிறது. கேடு வரும் என்று தெரிந்தே செய்திருந்தால் பாதுகாப்பு கிடையாது. 2023-இல் அதை விரிவாக்கி, ஓட்டல்களும் கடைகளும் தேவைப்படுவோருக்கு நேரடியாகக் கொடுப்பதையும் சேர்த்தார்கள். இத்தாலியும் 2003-இல் இதற்கென ஒரு சட்டம் போட்டது.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு, நான் அதை மதிக்கிறேன். "அப்படியானால் ஏழைக்கு எதைப் போட்டாலும் கேட்பாரில்லையா? காசு கொடுத்துச் சாப்பிடுகிறவனுக்கு இருக்கும் உரிமை இவனுக்கு இல்லையா?" நிச்சயம் இருக்க வேண்டும். அதனால்தான் நிபந்தனையில்லாத விலக்கை நான் கேட்கவில்லை. சமைத்த நேரத்தை எழுதி ஒட்டியவருக்கு, சூடு குறையாமல் கொண்டுபோனவருக்கு, பதிவு செய்த அமைப்பின் வழியாகக் கொடுத்தவருக்கு மட்டும் பாதுகாப்பு. ஊசிப்போனது என்று தெரிந்தும் கொடுத்தவரைச் சட்டம் விடக் கூடாது. இப்படி வைத்தால் பாதுகாப்பு வேண்டும் என்பதற்காகவே எல்லாரும் சீட்டு ஒட்டுவார்கள். சாப்பிடுகிறவருக்கு அதுதான் பெரிய காவல்.

பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு யார் கொடுப்பது? அரசு கொடுக்கட்டும். மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியால் ஒருவர் இறந்தால், அவர் குடும்பத்துக்கு 2 லட்ச ரூபாய் தர 2022 முதல் ஒரு திட்டம் இருக்கிறது. தானமாகப் பெற்ற உணவால் பாதிக்கப்படுகிறவருக்கும் அப்படி ஒரு நிதி வையுங்கள், சிகிச்சைச் செலவையும் அதில் சேருங்கள். கையில் காசில்லாத தன்னார்வலர் மீது வழக்கு நடத்திப் பல வருடம் காத்திருப்பதைவிட, அந்தக் குடும்பத்துக்கு இது எவ்வளவோ மேல்.

ஓட்டல் சங்கங்களும் மண்டப உரிமையாளர்களும் வரி குறைக்கச் சொல்லி மனு கொடுக்கிறீர்கள். அடுத்த முறை உங்கள் எம்.பி.யைப் பார்க்கப் போகும்போது இதையும் அந்த மனுவில் ஒரு பத்தியாகச் சேருங்கள். பேச்சை எங்கே தொடங்குவது என்று யோசிக்க வேண்டாம், 134ஏ பிரிவைக் காட்டிக் கேளுங்கள். முதலில் தன்னார்வலருக்கு, அடுத்து கொடுப்பவருக்கு என்று படிப்படியாக வந்தாலும் சரி, இந்த நாடாளுமன்றத்தின் காலம் முடிவதற்குள் வந்துவிட வேண்டும்.