பெரிய பைப் போட்டா சின்ன கார் பறக்குமா?

"சின்ன கார்ல அகலமான எக்ஸாஸ்ட் போட்டு, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் (புகையில இருக்கற நச்சு வாயுவ குறைக்கற பாகம்) தூக்கிட்டா 30 குதிரைத்திறன் கூடும், மைலேஜும் ஏறும்"னு ஒரு ஃபார்வர்டு சுத்துது. தப்புங்க.

டர்போ இல்லாத சின்ன இன்ஜின்ல பின்பக்க பைப்பும் சைலன்சரும் மட்டும் மாத்தினா ரெண்டு மூணு குதிரைத்திறன் கிடைச்சாலே பெருசு, பைப் தேவைக்கு மேல அகலமாச்சுன்னா புகை வெளியேறுற வேகம் குறைஞ்சு, கம்மி ஆர்பிஎம்ல (இன்ஜின் மெதுவா சுத்தறப்ப) இருக்கற இழுவையும் போயிடும், செகண்ட் கியர்ல மேடு ஏறுறப்பவே தெரியும். சத்தம் ஜாஸ்தியானதும் வண்டி பறக்கற மாதிரி தோணும், அவ்ளோதான். (இன்ஜினுக்கு பேக் பிரஷர், அதாவது புகை வெளியேறுறத தடுக்கற எதிர் அழுத்தம், கட்டாயம் வேணும்னு சொல்ற எதிர் கோஷ்டி பேச்சும் சரியில்ல, விஷயம் புகையோட வேகத்துல இருக்கு.)

கன்வெர்ட்டர கழட்டினா பின்னாடி இருக்கற ஆக்சிஜன் சென்சார் காட்டிக் குடுத்துடும், டேஷ்போர்டுல இன்ஜின் லைட் எரியும், ஸ்கேனர்ல பி0420ங்கற கோடு (கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலன்னு அர்த்தம்) வரும், புகை டெஸ்ட்டும் ஃபெயில்.

சந்தேகம்னா அதே கார, அதே டைனோல (குதிரைத்திறன அளக்கற மெஷின்), மாத்தறதுக்கு முன்னயும் பின்னயும் ஓட்டி ரீடிங் பாருங்க. வாங்கறப்ப, மாத்திப் போடற சைலன்சருக்கான ஐ.நா. ரெகுலேஷன் 59 அப்ரூவல் முத்திரை, அதான் வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் E எழுத்து, சைலன்சர் மேல இருக்கான்னு பாருங்க. அந்த மெசேஜ் வந்தா தயவுசெஞ்சு யாருக்கும் அனுப்பாதீங்க.